பாக்கெட்டின் பின்பக்கம் யாருக்காக?

சிதம்பரம் மேல வீதி மளிகைக் கடையோ, கடலூர் சூப்பர் மார்க்கெட்டோ, பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டுதான். விலை, காலாவதி தேதி. பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். விஷயமே அதில்தான் இருக்கிறது!

சேர்பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. சத்து பானம் என்று வாங்கும் டப்பாவில் சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் அது எவ்வளவு சத்து என்று புரிந்துவிடும்.

அடுத்து சோடியம், அதாவது உப்புக் கணக்கு. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் (5 கிராம் உப்பு) என்பது லேபிள் விதிகள் வைத்திருக்கும் அளவு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று போட்ட மிக்சரை 50 கிராம் தின்றால், அன்றைய கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு காலி.

சரி, இதை யார் படிப்பது? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் கட்டாயமில்லை. கடலூர் முதுநகரில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டி தினத்தந்தியை வரி விடாமல் படிப்பார். ஆனால் மிக்சரில் எவ்வளவு உப்பு என்று அறிய பேத்தியைக் கூப்பிட வேண்டும்.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ அதிகமென்றால் பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை. பார்த்தாலே போதும்.

தகவல் பெறுவது நுகர்வோர் உரிமை என்கிறது சட்டம். புரியாத மொழியில் கொடுத்தால் அது தகவலா? டிவி விளம்பரத்தில் தமிழ் பேசத் தெரிந்த கம்பெனிகளுக்கு உப்பின் அளவைத் தமிழில் அச்சடிப்பது பெரிய வேலையா என்ன? அதுவரை பேத்திகள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.