வானத்துக் கூலிப்படையிடம் கணக்குக் கேட்பது யார்?

சகோதரர்களே! நம் ஆரணியில் பட்டுச் சேலையில் ஓர் இழை பிசகினாலும் நெய்தவரைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறோம். உயிர்களோடு விளையாடும் ஒப்பந்தக்காரனிடம் கேட்டது யார்?

1984 முதல் கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் தனியார் கம்பெனி, இலங்கையின் விசேஷ அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதன் விமானிகள் தமிழர் பகுதிகளின் மேல் ராணுவ ஹெலிகாப்டர்களை ஓட்டினர். பிரிட்டிஷ் அரசோ, தனியார் வியாபாரம் என்று கைகழுவியது. லண்டன் போலீஸ் விசாரணையைத் தொடங்கியது எப்போது? 2020-இல்!

இன்று வானத்தில் ட்ரோன். சம்பளம் வாங்குபவன் அதே தனியார்தான். கூலிப்படைக்கு எதிரான 1989 ஐ.நா. உடன்படிக்கையில் பிரிட்டன் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. ஏன்? இளைஞர்களே, வணிகப் பெருமக்களே! நம் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்.