மூச்சுக்கும் ஒரு துணை வேண்டும்

காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். கலக்கம் கண்டாலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். உள்ளம் என்ன, மருத்துவத்துக்கு ஒவ்வாத பொருளா?

மாணவத் தோழர்களே! நான் அறிவியல் மாணவன், மருத்துவன் அல்லன். ஆயினும் படித்தறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1929-ல் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் நூலாக வெளியிட்டார். எண்ணங்களோடு மல்லுக்கு நிற்காமல் அவற்றை விழிப்புடன் பார்த்திருக்கும் பழக்கத்தை, 1979-ல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். மூச்சை மெல்ல நீட்டி விட்டால் இதயத் துடிப்பு தணிகிறது. இது மந்திரமன்று, நரம்பின் வேலை.

"அப்படியானால் எல்லோரையும் அரங்கில் அமர்த்திக் கற்பித்துவிடலாமே!" என்பர் சிலர். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடையே அதைச் செய்தே பார்த்தார்கள். வகுப்பில் கற்பித்த விழிப்புப் பயிற்சி, வழக்கமான பாடத்தைவிட மேலான பயன் தரவில்லை என்று 2022-ல் முடிவு வெளியாயிற்று.

வியப்பென்ன? ஒவ்வோர் உள்ளத்தின் புண்ணும் ஒவ்வொரு விதம். என் வீடு அந்தமானில், மின்னி பேயில். 26-12-2004 அன்று ஆழிப்பேரலை சூறையாடிய தீவுகள் அவை. அத்தகைய பேரச்சம் கண்ட இளைஞனிடம் "கண்ணை மூடு, மூச்சைக் கவனி" என்றால், மூடிய கண்ணுக்குள் அலையே எழக்கூடும். எதிரே தனியாக அமர்ந்திருக்கும் சிகிச்சையாளர் அதை முகத்திலேயே கண்டுகொள்வார். "கண்ணைத் திற, பாதம் தரையில் படுவதைக் கவனி, எதிரே தெரிவதைச் சொல்" என்று வழியை மாற்றுவார். கூட்டத்தில் இதைக் கவனிப்பவர் யார்?

இன்னொன்றும் உண்டு. எங்களுக்கு வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். நெஞ்சு படபடக்கும் வேளையில் எந்த மொழியில் அழுவது? பாட்டி பேசிய மொழியில்தானே! அம்மொழி அறியாதவரிடம் துயரத்தை மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் பாதி உலர்ந்துவிடும்.

ஆகவே என் கருத்து இது. ஆண்டுக்கொரு தியானச் சொற்பொழிவோடு கடமை முடிந்ததென்று எந்தக் கல்விக்கூடமும் கருதலாகாது. தமிழறிந்த, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர், அடைத்த கதவுக்குப்பின் ஒருவரோடு ஒருவராய் அமர்ந்து கேட்கும் ஏற்பாடு வேண்டும். நம் சங்கம் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

அதுவரை ஒரு வழி: 2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. தோழர்களே, உதவி கேட்பது கோழைத்தனமன்று. கேட்கத் துணிபவனே வீரன்!