கோபம் எங்கே இறங்குகிறது?

மனோதத்துவம் என்றாலே நம் தோழர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சீமான்கள் மெத்தையில் சாய்ந்துகொண்டு கனவுக்குப் பலன் கேட்கும் வித்தை, உழைத்துக் களைத்தவனுக்கு அது எதற்கு என்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி நியாயம் உண்டு. வியன்னா டாக்டர் சிக்மண்ட் பிராய்டு அடிமனதைத் துருவத் தொடங்கியபோது அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள்தான். துன்பத்துக்கெல்லாம் வேரை அவர் குழந்தைப் பருவத்திலேயே தேடினார். கூலியும் வாடகையும் அவர் கணக்கில் அதிகம் ஏறவில்லை.

மீதிப் பாதியையும் பார்ப்போம். மேஸ்திரி எல்லார் முன்னிலையிலும் ஏசுகிறான். பதில் சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. தொழிலாளி பல்லைக் கடித்துக்கொள்கிறான். அந்தக் கோபம் செத்தா போகிறது? குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று இரவு மனைவிமேல் கை ஓங்குகிறான். நடவுக் கூலியில் ஏமாற்றப்பட்ட தாய், அழும் பிள்ளையின் முதுகில் இரண்டு வைக்கிறாள். சங்கக் கூட்டத்திலே அற்ப விஷயத்துக்குத் தோழன்மீது தோழன் பாய்கிறான். கேட்டால், உப்புதான் காரணம் என்று சத்தியம் செய்வான். பொய்யல்ல, அவனுக்கே தெரியாது. மேலே போக வழியில்லாத கோபம் கீழே இறங்கிவிட்டது. மனோதத்துவத்தார் இதற்கு இடப்பெயர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அறியாமலே நம்மை ஆட்டிவைக்கும் பகுதி ஒன்று மனதில் உண்டு என்று பிராய்டு வற்புறுத்தினாரே, அது சீமான்களுக்கு மட்டும் பொருந்தும் உண்மையா?

அடிபட்ட பெண்ணுக்கு இந்த விளக்கம் மருந்தாகாது. கை ஓங்கியவன் குற்றவாளியே. மில் கொடுமையைச் சாக்குச் சொல்லி அவனைத் தப்பவிடக் கூடாது. கை எழும்போதே, இந்தக் கோபம் முதலில் யார்மேல் வந்தது என்று தன்னைத் தானே கேட்கும் பழக்கம் வேண்டும் என்கிறோம். அதற்கு மெத்தையும் வேண்டாம், காசும் வேண்டாம். விலாசம் தெரிந்த கோபம் சங்கத்துக்கு வரும். தெரியாதது மதுக்கடைக்குப் போகும்.

ரண சிகிச்சைக்கு ஏழைக்கு இருக்கும் உரிமை மன சிகிச்சைக்கும் உண்டு என்ற கருத்தை பிராய்டே 1918-ல் புடாபெஸ்டில் பேசினார். ஏழைகளுக்கு இலவசமாக மனோ வைத்தியம் பார்க்கும் நிலையங்கள் பெர்லினில் 1920-லும் வியன்னாவில் 1922-லும் திறக்கப்பட்டன. வியன்னா நிலையத்தில் வேலை செய்த டாக்டர் வில்ஹெல்ம் ரைக், வறுமையையும் வீடில்லாக் கொடுமையையும் தொடாமல் ஆளுக்கு ஆள் வைத்தியம் பார்த்து மாளாது என்று கண்டார். பின்னாளில் அவர் பிடித்த வழிகள் பலவற்றை நாம் ஏற்கவில்லை, இதை ஏற்கிறோம். 1933-ல் நாஜிகள் பிராய்டின் நூல்களைக் கொளுத்தினார்கள். மார்க்சின் நூல்களும் அதே தீயில்தான் எரிந்தன.

நம் நாட்டில் 2017-ல் நிறைவேறிய மனநலப் பாதுகாப்புச் சட்டம், சர்க்கார் நடத்தும் மன சிகிச்சையைப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. மில் தொழிலாளியின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் தவறுவதில்லை. அந்த டிஸ்பென்சரியில் மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் உட்காருகிறார் என்று சங்கக் கிளைகள் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவசாயத் தொழிலாளர்களும் இதையே கேட்கட்டும்.