திருட்டு விண்டோஸ் நமக்கு எதற்கு?

இறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார் என்று விசாரிக்கும் நாம், வீட்டுக் கணினியில் இயங்கும் விண்டோஸ் எவ்வழியில் வந்தது என்று விசாரிப்பதில்லை. உரிமம் பெறாத பிரதி பிறர் உடைமை. மைக்ரோசாப்ட் பெருஞ்செல்வ நிறுவனம் என்பதால் அது நமக்கு ஹலாலாகிவிடுமா?

லினக்ஸ் கடினம் என்பது வெறும் சாக்கு. அச்சன்புதூரிலிருந்து செங்கோட்டை வழியாக ஆரியங்காவை அடைந்தால் கேரளம், அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி பயில்கிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களைவிட அறிவில் குறைந்தவர்களா? உமாசங்கர் இ.ஆ.ப. நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் நம் எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் வீடு தேடி வந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டி.பி.எம். 2.0 இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக உழைக்கும் கருவியை அதற்காக எறிவது வீண்விரயமன்றி வேறென்ன? லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். உள்ளிருக்கும் கோப்புகள் அப்படியே இருக்கும். நிறுவ முடிவு செய்தால் மட்டும் முதலில் அவற்றைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டேலியில் கணக்கெழுதும் கடைக்காரருக்கு விண்டோஸ் வேண்டுமென்றால், காசு கொடுத்து உரிமம் வாங்கிக்கொள்ளட்டும்.