எந்த ஸ்பேர் கிடைக்கவில்லை?



போன வாரம் முழங்கால் வலியைப் பற்றி எழுதினதற்கு இத்தனை பேர் நலம் விசாரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. வலி குறைந்திருக்கிறது. இன்றைக்கு எழுதப்போவது வேறு வலி. உங்களில் சிலருக்கு, அதுவும் லேப் பொறுப்பிலும் பர்ச்சேஸ் கமிட்டியிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, கோபம் வரும். வரட்டும். வகுப்பில் என் மேல் கோபப்பட்டவர்கள்தான் நன்றாகப் படித்தீர்கள்.

இரண்டு மாதம் முன்னால், நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த பாலிடெக்னிக்கிலிருந்து அட்டெண்டர் தம்பி போன் பண்ணினார். "சார், நம்ம சி.ஆர்.ஓ. எல்லாத்தையும் வராண்டாவுல அடுக்கிட்டாங்க. நாளைக்கு எடை போடுறாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றார். ஆட்டோ பிடித்துப் போனேன். பதினோரு சி.ஆர்.ஓ., நாலு சிக்னல் ஜெனரேட்டர், அட்டைப் பெட்டி நிறைய மல்டிமீட்டர். கண்டம் லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் முதல் வரியில் "ஸ்பேர் கிடைக்கவில்லை". அதற்குக் கீழே வரிசையாக "மேற்படி, மேற்படி, மேற்படி".

லேப் பொறுப்பில் இருப்பவன் என் மாணவன்தான். பெயர் சொல்லமாட்டேன், அவனும் இதைப் படிப்பான். "எந்த ஸ்பேர்ப்பா கிடைக்கலே?" என்று கேட்டேன். "பழைய மாடல் சார், கம்பெனியே இப்ப இல்ல சார்" என்றான். "அது சரி, எந்த ஸ்பேர்?" என்றேன். பதில் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னேன். பதினொன்றில் நாலைத் திறந்தேன். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஒருத்தர் விரல்கூடப் பட்டதில்லை.

முதலாவதில் ஃப்யூஸ் ஹோல்டர் துருப்பிடித்திருந்தது. அவ்வளவுதான். இரண்டாவதில் பவர் சப்ளை கண்டன்சர் தலை வீங்கி உட்கார்ந்திருந்தது. மூன்றாவதில் கோடு திரைக்கு வெளியே போய் ஒளிந்துகொண்டிருந்தது. வெர்டிகல் பகுதியில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட். நாலாவதுக்குப் பிக்சர் டியூப்பே தேய்ந்துபோயிருந்தது, எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் அணையப்போகும் அகல் மாதிரிதான் தெரிந்தது. ஆக நாலில் ஒன்றுதான் நிஜமாகவே செத்தது. மற்ற மூன்றையும் ஒரு ஆட்டோ சத்தத்துக்குள் எழுப்பி உட்கார வைத்திருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. "ஸ்பேர் கிடைக்கவில்லை" என்று எழுதுகிறவர், எந்த ஸ்பேர் என்று எழுதட்டும். அதன் பெயர், எண், எங்கே தேடினார், எந்தத் தேதியில் தேடினார். இந்த நாலையும் எழுதாமல் போடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து என்றே சொல்வேன். ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் "மருந்து கிடைக்கவில்லை" என்று எழுதும் டாக்டரை நீங்கள் விடுவீர்களா?

கிடைக்கவில்லை என்பது பாதி நேரம் பெயர் தெரியவில்லை என்பதுதான். நம் லேபில் டெக்ட்ரானிக்ஸ் 465 ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? 100 மெகாஹெர்ட்ஸ். 1972-ல் வெளிவந்த மாடல். அதில் ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டால் பார்ட்ஸ் லிஸ்டைப் பார்ப்பீர்கள். 151-0190-00 என்று இருக்கும். அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார், நீங்கள் திரும்பி வந்து "கிடைக்கவில்லை" என்று எழுதிவிடுவீர்கள். அது அந்தக் கம்பெனி தன் ஸ்டோருக்காகப் போட்டுக்கொண்ட எண், அப்பா! ஊருக்குத் தெரிந்த பெயர் 2 என் 3904. இரண்டு மூன்று ரூபாய்க்கு எந்தத் தெருவிலும் கிடைக்கும். 151-0188-00 என்றால் அதன் ஜோடி, 2 என் 3906.

அந்த எண்களின் முதல் மூன்று இலக்கம்தான் ஜாதகம். 151 என்றால் டிரான்சிஸ்டர், 152 டயோடு, 290 எலக்ட்ரோலிடிக் கண்டன்சர், 366 குமிழ். 156 என்றால் வெளியில் வாங்கிப் போட்ட ஐ.சி., பெரும்பாலும் மாற்று கிடைக்கும். 155 என்று தொடங்கினால் மட்டும் கவலைப்படுங்கள். அது அவர்களே தங்களுக்காகச் செய்துகொண்ட ஐ.சி., கடையில் கிடைக்காது. 154 என்றால் டியூப், அதற்கும் அதே கதிதான். ஹெச்.பி. கருவிகளிலும் இப்படித்தான். 1854 என்று தொடங்கினால் என்.பி.என்., 1853 என்றால் பி.என்.பி., 1820 என்றால் ஐ.சி. இதைத் தெரிந்துகொள்ள அரை நாள் போதும். பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

கண்டன்சர் விஷயம் இன்னும் மோசம். பழையதற்கு இரண்டு பக்கமும் கால் நீட்டிக்கொண்டிருக்கும். "அந்த மாதிரி வரதில்ல சார்" என்கிறார்கள். ஒரே பக்கம் கால் உள்ளது வருகிறதே! மைக்ரோஃபாரட் அதேயாக, வோல்ட் அதற்குக் குறையாமல், 105 டிகிரி என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கி, ஒரு காலுக்கு ஸ்லீவ் போட்டு நீட்டிப் பற்றவைத்தால் முடிந்தது. பிளஸ் மைனஸ் மட்டும் மாறக்கூடாது. ஆவோ மீட்டர் எட்டாம் மாடலுக்கு 15 வோல்ட் பேட்டரி கிடைக்கவில்லை என்று எத்தனை மீட்டரைத் தூக்கிப் போட்டிருக்கிறோம்! 3 வோல்ட் நாணய பேட்டரி ஐந்தை ஒரு குழாய்க்குள் அடுக்கினால் 15 வோல்ட். இதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கூட்டிச் சொல்லும். என் பேத்தி சொன்னாள்.

சரி, நிஜமாகவே கிடைக்காதவை உண்டு. பிக்சர் டியூப், ஈ.ஹெச்.டி. டிரான்ஸ்ஃபார்மர், அட்டெனுவேட்டர் சுவிட்ச், நான் சொன்ன 155 வகை ஐ.சி. இவை எந்தக் கடையிலும் இல்லை. இவற்றுக்கு ஒரே கடை, அதே மாடலில் செத்துப்போன இன்னொரு கருவி. அந்தக் கடையைத்தான் நாம் கிலோ கணக்கில் விற்கிறோம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். டியூப் போன நாலாவது சி.ஆர்.ஓ.வுக்குள் மற்ற பத்துக்கும் வேண்டிய சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மர், குமிழ் எல்லாம் இருந்தன. ஒரே மாதிரி பதினொன்று இருந்தால், மூன்றைப் பிரித்து எட்டை ஓட்டலாம். ஒவ்வொன்றாகக் கண்டம் பண்ணினாலும் நஷ்டம், மொத்தமாகப் பண்ணினாலும் நஷ்டம். ஆடிட்டில் கேட்பார்கள் என்கிறார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் "உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி, பிரித்ததைப் பட்டியல் போட்டு, துறைத் தலைவர் கையெழுத்து வாங்குங்கள். நான் வேலையில் இருந்தபோது அப்படித்தான் செய்தேன். எந்த ஆடிட்டரும் என்னைத் தூக்கில் போடவில்லை.

முதல்வரிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார், காபி கொடுத்தார். ஆர்டர் வந்துவிட்டது, இனி நிறுத்த முடியாது என்றார். மறுநாள் எடை போட்டார்கள். அந்த முழங்கால் என்னை மூன்று நாள் கட்டிப்போட்டது. நாலாம் நாள் காயலான் கடையைத் தேடிக்கொண்டு போனேன். டியூப்களின் கழுத்தை உடைத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே எடுத்துச் செம்புக்காகப் பிளந்திருந்தார்கள். போர்டுகள் ஒரு மூலையில் சாக்கில். கடைக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் தொழில் அது. எனக்குக் கிடைத்தது ஒரு பை குமிழும் இரண்டு ரோட்டரி சுவிட்சும்.

இதைவிடப் பெரிய இழவு ஒன்று இருக்கிறது. பீரோவில் இருந்த சர்வீஸ் மேனுவல்கள் எல்லாம் பழைய பேப்பரோடு போய்விட்டன. அந்த மேனுவல்கள் வெறும் காகிதமா? 465 மேனுவலைப் பிரித்தால் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு ஸ்டேஜாகச் சொல்லியிருப்பான். டயகிராம் பக்கத்தில் இந்தப் புள்ளியில் இவ்வளவு வோல்ட், இந்த அலை இப்படித் தெரிய வேண்டும் என்று படமே போட்டிருப்பான். பார்ட்ஸ் லிஸ்ட், அளவு திருத்தும் முறை எல்லாம் ஒரே புத்தகத்தில். நான் வகுப்பில் உங்களுக்குச் சொன்னதில் பாதி அதிலிருந்து திருடியதுதான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளை, வெளிநாட்டுக் கருவிகளின் மேனுவல்களை யாரோ புண்ணியவான்கள் ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே தயாரான கருவிகளுக்குத்தான் நாதியில்லை. நம் லேபில் இருந்த 20 மெகாஹெர்ட்ஸ் டூயல் டிரேஸ் சி.ஆர்.ஓ.வுக்கு இப்போது என்னிடம் இருக்கும் ஜெராக்ஸ் ஒன்றுதான். அதிலும் டைம் பேஸ் பக்கத்தில் டீ கொட்டியிருக்கிறது.

"சார், இன்றைக்கு இருபத்தைந்து முப்பதாயிரத்துக்குள் புது டிஜிட்டல் ஸ்கோப் வந்துவிடுகிறது, இதைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்?" என்று என் மாப்பிள்ளையே கேட்டார். நியாயமான கேள்வி. புதுசை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு தடவை மட்டும் வந்துபோகும் சிக்னலைப் பிடித்து நிறுத்திக் காட்டுகிறது, கம்ப்யூட்டரில் சேமிக்கிறது, எடை கம்மி. நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அதோடு வந்த புத்தகத்தில் எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்றுதான் இருக்கிறது. சர்க்யூட் டயகிராம் ஒரு பக்கம்கூட இல்லை. அது கெட்டால் போர்டோடு மாற்று என்பார்கள், ஏழெட்டு வருடம் கழித்து அந்த போர்டும் வராது என்பார்கள். அன்றைக்கும் உங்கள் கண்டம் லிஸ்டில் "மேற்படி" தயாராக இருக்கும். ரிப்பேர் செய்யும் உரிமை என்று மத்திய அரசு 2022-ல் பேச ஆரம்பித்தபோது எடுத்துக்கொண்டது நாலு துறை: விவசாயக் கருவி, செல்போன் வகையறா, வீட்டு உபயோகச் சாமான், வாகனம். லேப் கருவிகளை யாரும் நினைக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இன்னொன்று. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ கொடுக்கும் இடத்தில் கெட்டுப்போன கருவி குப்பையா, பாடமா? மூன்றாம் வருடப் பையன்கள் ஆறு பேருக்கு ஒரு செத்த சி.ஆர்.ஓ.வைக் கொடுங்கள். ஈ.ஹெச்.டி. பகுதியில் மட்டும் கை வைக்கவிடாதீர்கள். அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். மற்றபடி சீரியஸ் போர்டில் பல்பு போட்டு, டிம்மர்ஸ்டாட்டில் மெதுவாக வோல்ட் ஏற்றி, எங்கே நிற்கிறது என்று தேடட்டும். உங்களில் 1987 பேட்ச் பசங்க அப்படித்தான் ஒன்றை உயிர்ப்பித்தீர்கள். கோடு வந்தபோது ஒருத்தன் லேபுக்குள்ளேயே விசில் அடித்தான். நான் திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்.பி. 3478ஏ மல்டிமீட்டரில் அளவு திருத்தின கணக்கெல்லாம் ஒரு சின்ன மெமரியில் இருக்கும், ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி அதை உயிரோடு வைத்திருக்கும். பேட்டரியை மாற்றும்போது பக்கத்தில் வேறு 3 வோல்ட் கொடுத்துக்கொண்டே மாற்ற வேண்டும். மேனுவலைப் படிக்காமல் பழையதை உருவி எடுத்த மகானுபாவன் நான்தான். கணக்கெல்லாம் ஒரு நொடியில் போச்சு. ஸ்பேர் கிடைத்தும் கருவியைக் கெடுத்தேன். அதனால்தான் மேனுவல் மேனுவல் என்று அடித்துக்கொள்கிறேன்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஐ.சி. என்று வருவதில் பாதி வேறு எதையோ சுரண்டிப் புதுப் பெயர் அச்சடித்தது. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், எழுத்து கரைந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். எனக்குப் பத்து வந்ததில் ஏழு அப்படி.

கண்டம் பண்ணின என் மாணவன் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. அவன் கையெழுத்துப் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. பார்ட்ஸ் லிஸ்டைப் படிக்கவும் நான்தானே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? பரீட்சையில் வராது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறேன், மருமகள் கூட வருகிறாள். அங்கே மாடியில் ஒரு பாய் கடையில் பழைய சரக்கு இன்னும் டப்பா டப்பாவாக இருக்கிறது. யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் கீழே எழுதுங்கள். கருவியின் பெயர், மாடல், போன பாகத்தின் எண். "பழைய சி.ஆர்.ஓ.வுக்கு ஒரு கண்டன்சர்" என்று எழுதினால் பதில் போடமாட்டேன். யார் வீட்டுப் பரணிலாவது நம் ஊர் 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ. மேனுவல் கிடந்தால், அந்த டைம் பேஸ் பக்கத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.