எஞ்சினின் முதுகெலும்பு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று கோமுகி அணையைக் கடந்தால் சமவெளி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெள்ளிமலை வரையில் கல்வராயன் மலைப் பாதைதான். வைத்தியத்துக்கும் படிப்புக்கும் கீழே இறங்கும் மலைவாசிகளுக்குப் பஸ்ஸே பெருந்துணை. அந்தப் பஸ் முனகிக்கொண்டு மேடேறும்போது, அத்தனை பேரின் பாரத்தையும் ஏற்றுச் சுழல்வது எஞ்சினுக்குள் மறைந்திருக்கும் ஓர் எஃகுத் தண்டு. பட்டறைகளில் 'கிராங்க் ஷாப்ட்' என்று வழங்கும் அதனை வணரித் தண்டு என்று தமிழில் சொல்வார்கள்.

அதன் தத்துவம் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. தையல் இயந்திரத்தின் மிதிபலகை மேலும் கீழும் அசைகிறது, சக்கரமோ சுழல்கிறது. இடையிலுள்ள கோணல் அச்சு அல்லவா இம்மாற்றத்தைச் செய்கிறது? எஞ்சினிலும் அவ்வாறே, எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ள, வணரித் தண்டு அதைச் சுழற்சியாக்குகிறது. நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்றால், வினாடிக்கு 33 சுற்றுக்கு மேலாகிறது!

இந்த வேகத்தில் உலோகமும் உலோகமும் உராய்ந்தால் விரைவில் இறுகிப்போகும். ஆகையால் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மயிரிழை அளவே இடைவெளி விட்டு, அதில் எண்ணெயைப் பாய்ச்சுகிறார்கள். தண்டு மிதப்பது அந்த எண்ணெய் ஏட்டின் மேல்தான். பேரிங்கின் முகத்தை மிருதுவான உலோகத்தால் அமைத்திருப்பதும் ஒரு யுக்தியே. தேய நேர்ந்தால் பேரிங் தேயட்டும், தண்டு பிழைக்கட்டும் என்பது கருத்து. மேட்டில் கியரைக் குறைக்காமல் எஞ்சினைத் திணறவிட்டால், சுழற்சி குறைந்து, பாரம் மிகுந்து, அந்த ஏடு நசுங்குகிறது. எஞ்சினின் அடியிலிருந்து 'டக் டக்' என்று கனத்த ஓசை எழுந்தால், திறந்து பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அறியலாம்.

எஞ்சினை இறக்கி, எண்ணெயை வடித்து, பிளைவீலையும் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியையும் முன்புறப் பல்சக்கர மூடியையும் அகற்றுவார்கள். பிஸ்டன்களைத் தண்டிலிருந்து விடுவித்து மேலே தள்ளி வைப்பார்கள். எஞ்சியவை தண்டைப் பிடித்திருக்கும் மூடிகளே. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் இவை பெரும்பாலும் ஏழு. பார்வைக்கு ஏழும் உடன்பிறந்தவை போலிருக்கும். ஆயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று சேராது. ஏனெனில் மூடிகளைப் பூட்டிய பின்பே தொழிற்சாலையில் அத்துளைகளைக் கடைந்திருக்கிறார்கள். ஆகவே, எண்ணையும் திசையையும் குறித்துக்கொள்ளாமல் எந்த மூடியையும் கழற்றலாகாது. ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, தண்டை நேராகத் தூக்க வேண்டும்.

பிறகு மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். வட்டம் கெட்டிருந்தால், விட்டத்தில் கால் மில்லிமீட்டர் குறையும்படி சாணை பிடித்து, அதற்கேற்பத் தடித்த பேரிங் போடுவது வழக்கம்.

மீண்டும் பொருத்துவதில்தான் கைகாரனின் உண்மையான பரீட்சை இருக்கிறது. எண்ணெய் வழிகளில் சாணைத் தூள் சிறிது தங்கினாலும் புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங்கின் முதுகு உலர்ந்திருக்க வேண்டும். முகத்தில் எண்ணெய் பூச வேண்டும். அதன் துளை எஞ்சின் உடலிலுள்ள எண்ணெய்த் துளைக்கு நேரே அமைய வேண்டும். மாறிவிட்டால் எண்ணெய் வழி அடைபட்டுப் போகும். மூடிகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, அளவு காட்டும் ஸ்பானரால் பல தவணைகளில் முறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் இறுகியதும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பது அவசியம். சுழல மறுத்தால், அந்த மூடியைக் கழற்றிக் காரணம் தேடுவதே முறை.

"மாலைக்குள் வண்டி வேண்டும்" என்று அவசரப்படுத்துகிறவர்கள் எங்கும் உண்டு. அந்த அவசரத்தின் விலையைக் கொடுப்பவர்கள் அவர்கள் அல்லர். நடுமலையில் நின்றுவிட்ட பஸ்ஸில், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளையை மடியில் கிடத்தியிருக்கும் தாய்மார்களே.

கை கறுப்பாகும் தொழில் படித்தவனுக்கு ஏற்றதன்று என்று எண்ணும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முயல்வது அளவு, வரிசை, பொறுமை ஆகிய மூன்றுமே. பட்டறையில் அம்மூன்றையும் பழுதறக் கற்றவனைப் படிக்காதவன் என்று எப்படிச் சொல்வது?