"எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "ஏன்?" என்று கேளுங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ளலாம். "பழைய வீட்டைப் பழுது பார்த்துப் பார்!"

புது வீடு கட்டுகிறவர் கையில் வரைபடம் இருக்கிறது. பழைய வீட்டுக்காரரிடம் என்ன இருக்கிறது? ஒழுகுகிற கூரை இருக்கிறது. உதிர்கிற சுவர் இருக்கிறது. கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. அவசரம் இருக்கிறது!

அந்த அவசரத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

அதே மூலை! அதே குண்டான்!

ஐப்பசி மாதம். அடைமழை. கூடத்து மூலையில் தண்ணீர் சொட்டுகிறது. அம்மா ஒரு குண்டானைக் கொண்டுவந்து வைக்கிறாள். மறுநாள் காண்டிராக்டர் வருகிறார். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்.

"கவலையே வேண்டாம் அம்மா! ஒரு பூச்சுப் பூசினால் சரியாகிவிடும்" என்கிறார்.

"எவ்வளவு ஆகும்?" என்று அம்மா கேட்கிறாள்.

"மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம். முதலில் பாதிப் பணம் கொடுங்கள்."

அவர் மாடிக்கு ஏறவில்லை. சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. ஆனால் வைத்தியம் சொல்லிவிட்டார்!

வேலை முடிகிறது. சுவர் பளபளக்கிறது. அடுத்த ஐப்பசி வருகிறது. அதே மூலை! அதே குண்டான்!

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் யாராவது போவார்களா? உடம்புக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா? வீட்டுக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" என்பது அல்ல. "ஏன் ஒழுகுகிறது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் அவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது.

காரணம் எங்கே?

மழை பெய்யும்போது மட்டும் ஈரம் வந்தால் மாடியைப் பார்க்க வேண்டும். தண்ணீர் போகும் துவாரத்தைச் சருகு அடைத்திருக்கலாம். தட்டோட்டின் இடுக்குகள் விட்டிருக்கலாம். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர் விட்டிருக்கலாம்.

சித்திரை வெயிலிலும் சுவர் ஈரமாக இருக்கிறதா? குழாய் எங்கோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவரின் அடிப்பாகத்தில் மட்டும் உப்புப் பூக்கிறதா? தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு என்றால், அது வைத்தியம் அல்ல. நோயை மூடி மறைக்கும் போர்வை!

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டா?

தாத்தா காலத்து வீடுகள் பல, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்த மாடிகளைச் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் இன்றும் காணலாம். சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே போன ஈரம் மெல்ல வெளியே வந்து உலர்ந்துவிடும். அதன் மேல் சிமெண்டைக் கெட்டியாகப் பூசினால் என்ன ஆகும்? ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு சேரும். பூச்சு உப்பும், பிறகு பாளம் பாளமாக விழும். விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்!

எனவே, பழைய வீட்டுக்காரர்கள் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும். அவர் முன்பு பழுது பார்த்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீடு ஒரு மழைக்காலத்தையாவது கண்டிருக்க வேண்டும்.

காங்கிரீட் வீட்டின் கதை வேறு. அங்கே உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். துருவை நீக்காமல் மேலே பூசினால், பூசியதும் விழத்தான் செய்யும். அது யார் தலையில் விழும் என்பது யாருக்குத் தெரியும்? துரு அதிகமாக இருந்தால் கட்டட இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுவதே நல்லது.

வாய்ப்பேச்சு போதாது

காரணம் தெரிந்த பிறகு விலை பேசலாம். அதையும் எழுத்தில் பேச வேண்டும்.

10 அடி உயரம், 12 அடி நீளம் உள்ள சுவர் 120 சதுர அடி. அதில் 3 அடிக்கு 7 அடி கதவு இருந்தால் 21 சதுர அடியைக் கழிக்க வேண்டும். மீதி 99. இந்தக் கணக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அளவைப் பிள்ளையே எடுக்கட்டும்; அம்மா எழுதட்டும்!

என்ன வேலை, எத்தனை சதுர அடி, சாமான் யாருடையது, பழைய பூச்சைக் கொத்தி எடுக்கும் கூலி யாருடையது, குப்பையை அள்ளுவது யார், எத்தனை நாள் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு கொடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. நாணயமான காண்டிராக்டர் அதற்கு மறுக்க மாட்டார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு!

காண்டிராக்டர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஏமாற்றும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்! "அப்படியே அந்தத் திண்ணையையும் பூசிவிடுங்கள்" என்பார்கள். கணக்கு வரும்போது, "அதற்குத் தனிக் காசா?" என்பார்கள். சனிக்கிழமை வந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. பிறகு சேர்த்த வேலையையும் காகிதத்தில் சேர்த்தால் சண்டைக்கே இடமில்லை.

காகிதம் இன்னொன்றுக்கும் உதவும். பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். ஆனால் ஆணையம் ஆதாரம் கேட்கும். ரசீது இல்லாதவர் எதைக் காட்டுவார்? குண்டானையா?

ஐப்பசி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வெயில் காயும் சித்திரை, வைகாசியிலேயே மாடிக்கு ஏறிப் பாருங்கள். காரணத்தைக் கேளுங்கள். காகிதத்தில் எழுதுங்கள்.

அடுத்த மழைக்குக் குண்டான் கூடத்துக்கு வர வேண்டாம். அடுப்பின் மேலேயே இருக்கட்டும்!